பாய் கேட்ட ஊதா

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். அன்வர் பாய் இறந்த செய்தியை அவர் மகன் சலீம் தொலைபேசியில் சொன்னபோது, எப்படி, எப்போது என்று நான் கேட்கவில்லை. "அத்தா மவுத்தாயிட்டாங்க மாமா" என்று அவன் விம்மியதும் என் வாயில் வந்தது இதுதான்: "ஐயோ, நான் மொட்டோட குடுத்த ஆர்க்கிட் பூத்துச்சா? பாத்தாங்களா?"

பக்கத்தில் நின்ற என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். சலீம் நல்ல பிள்ளை. "பூத்துச்சு மாமா, பாத்தாங்க" என்றான். என்ன சொன்னார் என்று கேட்டேன். "நேர்ல வாங்க மாமா" என்று வைத்துவிட்டான்.

நம் ஆர்க்கிட் கூட்டத்துக்கு என் பதற்றம் புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் பெரிய ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்துத் திரும்பி, பெரம்பலூரில் ஃபேன்சி கடை வைத்தவர். மல்லிகையே சுருண்டுவிடும் நம் வெயிலில் பச்சை வலை கட்டி, கரித்துண்டு நிரப்பிய தொட்டிகளில் ஆர்க்கிட் வளர்த்த முதல் பைத்தியம் அவர்தான். இரண்டாவது நான். மூன்றாவது அரும்பாவூர் டீச்சர்.

பைத்தியம் ஒன்றுதான் என்றாலும் நிறம் வேறு. டீச்சருக்கு மஞ்சள் மட்டும்தான் பூ. எனக்கோ ஊதா. "மஞ்சளுக்கு எதுக்கு டீச்சர் இவ்வளவு பாடு? வேலியில ஆவாரம்பூ சும்மாவே பூக்குதே" என்று ஒருமுறை சொல்லித் தொலைத்தேன். "ஒங்களுது கத்திரிக்காய் கலருதானே சார், நறுக்கிக் கொழம்பு வச்சுருங்க" என்றவர், அடுத்த பொங்கல் வரை என்னோடு பேசவில்லை.

ஆகவே, "நமக்கும் ஊதாதான் தம்பி" என்று பாய் சொன்ன அன்று அவரைக் கட்டிக்கொள்ளாத குறை. "அந்த ஓட்டல்ல தெனமும் ஜாடியில வைப்பாங்க. அந்த ஊதா ஒண்ணு கெடைச்சாப் போதும், வேற ஆசையில்ல." அந்த வாரமே என்னிடமிருந்த செடிகளில் அழகானதைப் பூவோடு மடியில் வைத்துக்கொண்டு அரியலூரில் பஸ் ஏறினேன். பாய் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது ஊதா இல்லீங்களே. ஒங்க வூட்லயே இருக்கட்டும்."

அன்று பிடித்தது சனி. ஏற்காட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்தேன், வெளுப்பு என்றார். பெங்களூரிலிருந்து ஏறக்குறையக் கறுப்பாகவே ஒன்று.

"இதுக்கு மேல போனா தீஞ்ச தோசைதான் பாய்."

"இன்னும் வரல தம்பி."

"ஊதான்னா என்னதான் பாய் ஒங்களுக்கு?"

"ஊதான்னா ஊதாதான். படிச்சவங்க நீங்க, நான் சொல்லணுமா?"

கடையில் ரிப்பன் தொங்குகிறதே, அதில் ஒன்றைத் தொட்டுக் காட்டுங்கள் என்று மன்றாடினேன். "அந்த ஊதா ரிப்பன்ல வராது தம்பி" என்று சொல்லிவிட்டு வாடிக்கையாளருக்கு வளையல் எடுக்கப் போய்விட்டார்.

இதற்கிடையில் அரியலூரைத் தனி மாவட்டமாக்கினார்கள், திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள், மறுபடி பிரித்தார்கள். அரசாங்கமே இத்தனை முறை மனம் மாறியது. பாய் மாறவில்லை.

நான் மூட்டுக் காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தபோது, பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து என் செடிகளுக்குத் தண்ணீர் தெளித்தவர் அவர்தான். என் சொந்த மச்சான் எட்டிப் பார்க்கவில்லை. அந்த நன்றியில் நான் கண் கலங்கும் நேரம் பார்த்து, கட்டிலருகே வந்து சொன்னார்: "ஒங்க ரோஸ் கலரெல்லாம் சவுக்கியமா இருக்கு தம்பி." ரோஸ்! எனக்குக் காய்ச்சல் ஏறிற்று.

அடக்கம் முடிந்ததும் சலீம் என்னைப் பச்சை வலையடிக்கு அழைத்துப் போனான். நான் கொடுத்த செடி கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. அப்படி ஓர் ஊதாவை நானே அதுவரை கண்டதில்லை.

"கட்டில் பக்கத்துல கொண்டாரச் சொல்லி ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்க மாமா. அப்பறம் சிரிச்சாங்க. 'நல்லாருக்கு, ஆனா ஊதா இல்லன்னு தம்பிகிட்டச் சொல்லிரு'ன்னாங்க."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. துக்கமா, ஆத்திரமா என்று இன்றுவரை பிரிக்க முடியவில்லை. பாயின் நினைவாக என்னிடம் எஞ்சியிருப்பவை, அவர் வேண்டாம் என்ற செடிகள் ஒரு மாடி நிறைய. பிறகு, எதைப் பார்த்தாலும் கண்ணைச் சுருக்கி "இன்னும் வரல" என்று சொல்லும் கெட்ட பழக்கம்.

பஸ் ஏற்ற வந்த சலீமிடம் கேட்டேன்: "அந்த ஓட்டல்ல ஒங்க அத்தா பாத்த பூ என்ன கலர்தான் சலீம்?"

"பேனா மை இருக்குல்ல மாமா, அந்த நீலம். எங்க வூட்ல நீலத்தத்தான் ஊதான்னுவோம்."

"நீலத்துல ஆர்க்கிட்டா? அது எங்க வெளையுது?"

"எங்கயும் வெளையல மாமா. வெள்ளப் பூவோட காம்ப மைத் தண்ணியில நிக்க வச்சா நீலமாயிரும். அங்க அந்தத் தண்ணிய கலக்குறதுதான் அத்தாவோட வேல."