மைக்கில் சொன்ன சுகம்

என் மகளுக்குத் தானாகச் சிறுநீர் போகாது. முதுகில் ஒரு கட்டியோடு பிறந்தவள். பிறந்த கிழமையே அதை வெட்டி எடுத்தார்கள், ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வு வரவில்லை. சில மணித்தியாலத்துக்கு ஒருதடவை மெல்லிய ரியூப் விட்டுத்தான் சிறுநீரை எடுக்கவேண்டும். இதை இவ்வளவு நேராகச் சொல்ல எனக்குப் பல வருடம் எடுத்தது. அந்த நாளில் யாராவது கேட்டால் பிள்ளைக்குக் கால் கொஞ்சம் பலவீனம் என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவேன். கால் என்றால் சனம் இரங்கும். சிறுநீர் என்றால் மூக்கைச் சுளிக்கும்.

என் மனுசன் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் சாரதி. சம்பளத்தில் மாதாமாதம் காப்புறுதிக்கென்று கழிப்பார்கள். அதில் ரியூப்புக்கும் கையுறைக்கும் பம்பர்ஸுக்கும் காசு எடுக்கலாம் என்று ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரியும். அதற்கு டொக்டரின் கடிதம் வேண்டும். பிள்ளையின் நிலை நிரந்தரம், மாறாது என்று எங்கள் பகுதிச் சமூகசேவை உத்தியோகத்தரும் வருடாவருடம் எழுதித் தரவேண்டும். நிரந்தரம் என்ற அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்றவளைக் கூப்பிட்டு, உன் பிள்ளை மாறாது என்று எழுதி வாங்கிக்கொண்டு வா என்கிறார்களே, இவர்களுக்கு நெஞ்சில் ஈரம் இல்லையா என்று மனுசனைத்தான் ஏசுவேன்.

ஏசினாலும் முதல் வருடம் எழுதி வாங்கினோம். புது ரியூப் வந்தது. ஒரே ரியூப்பை அவித்து அவித்துப் பாவிக்கிற சீவியம் போனது. பிள்ளைக்குக் காய்ச்சலும் குறைந்தது.

அடுத்த வருடம் நான்தான் கெடுத்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

பள்ளிமுனையில் எங்கள் கோயில் முற்றத்தில் பந்தல் போட்டுக் குணமாக்கல் செபம் வைத்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். பந்தல் முட்டச் சனம். நான் பிள்ளையை மர வாங்கில் இருத்திவிட்டு, பக்கத்தில் மணலில் முழங்காலில் நின்று அழுதேன். வெட்கம் மானம் இல்லாமல், மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். நிமிர்ந்து பார்த்தால் பிள்ளை எழும்பி நிற்கிறாள். முன்வாங்கின் சாய்வைப் பிடித்தபடி நிற்கிறாள்! யாரோ என் கையில் மைக்கைத் தந்தார்கள். என்ர பிள்ளை சுகமாகிட்டாள் என்று கத்தினேன். பந்தலே தோத்திரம் சொல்லிக் கைதட்டியது.

பிள்ளை அதற்குள் வாங்கில் தொப்பென்று இருந்துவிட்டாள். அதை நான் கண்டேன். கண்டும் மைக்கைக் கீழே வைக்கவில்லை.

பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. பெற்றவர்கள் செய்த பாவம் என்று அதுவரை குசுகுசுத்த பெண்கள் விளைமீனும் இறாலும் கொண்டு என் வாசலுக்கு வந்தார்கள். பிள்ளையின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். எனக்கு அது இனித்தது. வருகிறவர்களுக்கு முன்னால், எழும்பிக் காட்டு மகள் என்பேன். அவள் மேசையைப் பிடித்து எழும்புவாள். கை நடுங்கும். சனம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். சுகமான பிள்ளைக்கு ரியூப் விடுவதை யாரும் காணக்கூடாதே! ஆட்கள் போகும்வரை காத்திருப்பேன், நேரம் தப்பிவிடும். வயிறு ஊதினாலும் பிள்ளை வந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

கடைசியில் குளிர்காய்ச்சலில் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாட்டில் போட்டோம். இப்படி நேரம் தப்பவிட்டால் சிறுநீரகம் பழுதாகும், பழைய ரியூப்பைத் திருப்பிப் பாவித்தாலும் அதுதான் நடக்கும் என்று டொக்டர் என் முகத்துக்கு நேரே சொன்னார். வீட்டிலோ ரியூப் முடிகிற கட்டம். ஆஸ்பத்திரியிலும் கையிருப்பு இல்லை. காப்புறுதியைப் புதுப்பிக்காமல் வேறு வழி கிடையாது. பிள்ளையையும் நேரில் காட்டவேண்டும் என்றதால், காய்ச்சல் விட்டதும் அவளையும் கூட்டிக்கொண்டு சமூகசேவைக் கந்தோருக்குப் போனேன்.

உத்தியோகத்தர் புதிதாக மாற்றலாகி வந்தவர், என்னைவிட வயது குறைந்த பெண். டொக்டரின் கடிதத்தை வாசித்தார். பிள்ளையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருடைய முகம்தான் முதலில் சிவந்தது.

"அக்கா, நானும் அண்டைக்குப் பந்தலுக்கை இருந்தனான். நீங்கள் சாட்சி சொல்லேக்கை கைதட்டினனான். இப்ப நான் நிரந்தரம் எண்டு எழுதினால், ஆண்டவர் செய்ததை இல்லையெண்டு எழுதின மாதிரி எல்லோ?"

எனக்கு வந்த கோபம்! இது ஆண்டவரின் காசு இல்லை, என் மனுசனின் சம்பளத்தில் வெட்டின காசு என்று பாய்ந்தேன். அவர் கோபிக்கவில்லை. டொக்டரின் கடிதம் செபத்துக்கு முந்தினது, பிறகு பார்த்ததாக ஒரு புதுக் கடிதம் கொண்டுவாருங்கள் என்று தன்மையாகச் சொன்னார். கடிதம் தருகிற பெரிய டொக்டரின் கிளினிக்குக்கு இன்னும் மாதக்கணக்கு இருந்தது. அதுவரை பிள்ளைக்கு எதை விடுவது? என் கோபம் அப்படியே இறங்கிவிட்டது.

"பிள்ளைக்குச் சுகமோ, இல்லையோ? நீங்கள் சொல்லுங்கோ அக்கா, நான் எழுதுறன்" என்றார்.

பின்னால் கதிரைகளில் எங்கள் ஊர்ப் பெண்கள் தங்கள் அலுவலுக்குக் காத்திருந்தார்கள். எனக்கு இறால் கொண்டுவந்து தந்தவளும் இருந்தாள். நான் மெல்லச் சொன்னேன். காற்றாடிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார்.

"சுகமாகேல்லை மிஸ். பிள்ளைக்குத் தானா மூத்திரம் போகாது. நான் பொய்ச் சாட்சி சொல்லிப்போட்டன்."

அந்த அறை முழுக்கக் கேட்டது. இத்தனை வருடம் பொத்திவைத்த சொல்லை நானே ஊருக்குச் சொல்லிவிட்டேன். என் மானம் கப்பலேறியது போகட்டும், பிள்ளையின் மானமும் சேர்ந்து போனதே என்று கூனிக் குறுகிக்கொண்டு நின்றேன். திரும்பி அவளைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அவள்தான் கதைத்தாள். உத்தியோகத்தரைப் பார்த்துச் சொன்னாள்.

"அம்மா பொய் சொல்லேல்லை மிஸ். நான் எழும்பினனான்தானே. அம்மா விடாமல் அழுதவா. எழும்பினால் அழுகையை நிப்பாட்டுவா எண்டு வாங்கைப் பிடிச்சு, கையாலை எழும்பினனான்."

உத்தியோகத்தர் தலையைக் குனிந்துகொண்டு எழுதத் தொடங்கினார். நான் செபத்தில் கேட்டது கிடைத்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். எனக்குக் கிடைத்தது என் பிள்ளையின் கைப்பலம். ஒன்பது வயதுப் பிள்ளை என் அழுகையை நிறுத்துவதற்காகத் தன் உடம்பைத் தூக்கியிருக்கிறாள். அதைத்தான் நான் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து அவளை ஓட்டோவில் ஏற்றினேன். வீடு போகும்வரை அவளுடைய முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டோ எங்கள் ஒழுங்கைக்குத் திரும்புகிறபோது அவள் என் கையைச் சுரண்டினாள்.

"அம்மா, இனி ஆக்கள் வந்தால் நான் எழும்பத் தேவையில்லைத்தானே?"

தேவையில்லை என்று சொன்னேன்.