கடைசித் தட்டுக் கல்

பட்டறையில் அவளுக்கு வாளியக்கா என்று பெயர். உடைந்த பாட்டில்களை மாவாக அரைத்து, காரக் கரைசல் ஊற்றிப் பிசைந்து, அச்சில் அழுத்தி, சூட்டறைத் தட்டுகளில் அடுக்கி வேகவைத்தால் சுவர்க்கல். சிமெண்ட் ஒரு சிட்டிகை கிடையாது. வெந்ததில் ஒரு கல்லை எடுத்து வாளித் தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போடுவது அவள் வேலை. மறுநாள் விரலால் தேய்ப்பாள். சொரசொரத்தால் லாரி ஏறலாம். வழவழத்தால் வேகவில்லை, மழையில் கரையும். குப்பைமேட்டில் கண்ணாடி பொறுக்கிக் கீறல் விழுந்த விரல்கள்தான் இப்போது அவளுக்குச் சோறு போட்டன.

அன்று காலை, கோடைக்குப் பிறகு முதல் மழை. நனைந்து கிடந்த கல் ஒன்றை ஓரமாக நகர்த்தக் குனிந்தாள். அதன் முனை சோப்புக்கட்டி போல விரலோடு வந்தது.

"இது எந்தத் தட்டுல வெந்தது?"

"கடைசித் தட்டு" என்றார் மேஸ்திரி.

கோடையில் இடுப்பு வலி வந்ததிலிருந்து அவள் தரையோடு இருக்கும் கடைசித் தட்டுக்குக் குனிந்ததே இல்லை. கைக்கு எட்டும் நடுத்தட்டில்தான் கல் எடுத்தாள். சூட்டறைக் கதவடியில் ரப்பர் கிழிந்து அனல் வெளியே போவதை இப்போதுதான் பார்த்தாள்.

போன வார லாரிச் சுமை அவளுடைய அக்கா வீட்டுக்குப் போயிருந்தது. பின்சுவர் எழுந்துவிட்டது, இன்னும் பூசவில்லை. போன் அடித்தாள். அக்கா எடுக்கவில்லை. ஓடினாள்.

"வாடி! குடையும் கண்ணாடியிலதான் செய்யறீங்களா, கையில காணோமே?" என்றாள் அக்கா.

"மாமா எங்க?"

"ராத்திரி டூட்டி. பின்னறையில விடற குறட்டை கேக்கலையா?"

கொல்லைப்புறம் போனாள். சுவரடியில் தண்ணீர் குளம் கட்டி, பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தது. அடிவரிசையைத் தேய்த்தாள். வழுக்கியது.

"அக்கா, மாமாவை எழுப்பு. சுவர் நிக்காது."

"போடி, நீ பார்த்து விட்ட கல்லுன்னு தெருவெல்லாம் பெருமையடிச்சு வச்சிருக்கேன்."

"நான் பார்க்கலக்கா. குனிஞ்சு பார்க்கவே இல்ல."

அக்காவின் சிரிப்பு அப்படியே உறைந்தது. இருவரும் உள்ளே ஓடி, ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை இழுத்தார்கள்.

"என்னடி, தூக்க நாலு பேர் வேணும்பாங்க. மச்சினிச்சியும் நீயும் ரெண்டே பேரா வந்துட்டீங்க?"

தூக்கக் கலக்கத்தில் கேட்டார் மாமா. இருவரும் பிடியை விடவில்லை. அவர்கள் வாசலைத் தாண்டியதும் அடிவரிசை நனைந்த ரொட்டி போல அமுங்கியது. சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஆளில்லாத கட்டில்மேல் விழுந்தது.

மாமா கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் லாரி டிரைவரைப் போனில் அழைத்தாள். "கடைசித் தட்டுக் கல்லு வேற எங்கெல்லாம் இறக்குனீங்க?"

"எல்லாச் சுமையிலும் அது இருக்குமேக்கா. கோடையிலேர்ந்து ஏழெட்டு வீடு இருக்கும். ஏன்க்கா?"

"இன்னும் ஏழெட்டு வீடு மாமா" என்றாள். மழை வலுத்தது. மாமா லுங்கியை மடித்துக் கட்டி, வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

"ஏறு. கிட்ட இருக்கற வீடு எதுன்னு கேளு."