வாய்க்காலுக்குத் திரும்பிய நாற்பத்து மூன்று கற்கள்

"கல் 43. எல்லாம் வைத்தாயிற்று. நாளைக்குக் குதிரை வரும்."

அப்பாவின் பாக்கெட் டைரியில், ஆகஸ்ட் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் கீழ் பென்சிலால் எழுதிய வரிகள் இவை. அட்டை கிழிந்துபோனதால் வருடம் தெரியவில்லை. லடாக்கில் அவர் கழித்த இரண்டு கோடைகளில் முதலாவது என்று, அம்மா பத்திரப்படுத்திய கடிதங்களோடு ஒப்பிட்டு முடிவு செய்தேன். அப்பா மறைந்த முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்களுக்கு இந்த வரிகளின் கதையையே சொல்ல விரும்புகிறேன்.

அப்பா இங்கே நம் அடுகோடியில் ஒரு லேத் பட்டறைத் தொழிலாளியின் மூன்றாவது மகனாகப் பிறந்தார். எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய ஆண்டில் தாயை இழந்தார். அடுத்த ஆண்டே ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் சேர்ந்தார்.

லடாக்கில் அவர் ஹவில்தார். மலைமேல் இருந்த காவல் சாவடிக்கான குளிர்காலப் பொருட்களை வைக்க, அடிவாரக் கிராமத்தில் கிடங்கு கட்டும் வேலை அவருடையது. பக்கத்தில் வறண்டிருந்த வாய்க்காலில் கிடந்த தட்டைக் கற்களை எடுத்துச் சுவர் எழுப்பிவிட்டார். எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று பிரித்துவிடும் மடைக் கற்கள் அவை என்பது அவருக்குத் தெரியாது. அந்த வாய்க்காலின் முறை வந்தபோது பாதி வயல்களுக்குத் தண்ணீர் ஏறவில்லை. வாற்கோதுமை பால் பிடிக்கும் நேரம். மறுநாள் மூட்டை சுமக்க ஊரிலிருந்து ஒரு குதிரையும் வரவில்லை. சாவடிக்கு வண்டிப் பாதை கிடையாது. பனி விழுமுன் அரிசியும் மண்ணெண்ணெயும் ஏறாவிட்டால் மேலே இருந்த பன்னிரண்டு பேர் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது.

அப்பா துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டு ஊருக்குள் போனார். அந்த ஆண்டு தண்ணீர் முறையைக் கவனித்தவர் டோல்மா என்ற பெண்மணி. அவர் இந்தியில் திட்டியதை அப்பா நம் ஊர்த் தமிழில் அப்படியே நடித்துக் காட்டுவார்.

"கல்லு வேணும்னா மலையே இருக்கே, ஹவில்தார் சாப்! எங்க வாய்க்கால்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

"வேற நல்ல கல்லா கொண்டாந்து போட்டுடறோம்மா."

"உங்க துப்பாக்கிய எடுத்துக்கிட்டு வேற ஒரு நல்ல துப்பாக்கி தர்றேன். ஒத்துக்குவீங்களா?"

அப்பா திரும்பி வந்து சுவரைப் பிரிக்கச் சொன்னார். அவருக்கு அடுத்த பதவியில் உடனிருந்த நாயக் முரண்டு பிடித்தார்.

"கட்டின சுவர நாமளே இடிச்சா ஊரே சிரிக்கும், அண்ணே."

"சிரிக்கட்டும்டா. மேல இருக்கறவன் பட்டினி கிடந்தா உனக்குச் சிரிப்பு வருமா?"

கல் எது, இடம் எது என்று யாரும் குறித்து வைத்திருக்கவில்லை. டோல்மா வாய்க்கால் கரையில் நின்று காட்டக் காட்ட, அப்பாவே ஒவ்வொன்றாகச் சுமந்து வைத்தார். தவறாக வைத்தால், "பொறியாளராமே!" என்று மேலிருந்து கேலி வரும். மூன்று நாள். நாற்பத்து மூன்றாவது கல்லில் தண்ணீர் பிரிந்து இருபுறமும் ஓடியபோது ஊரே கைதட்டியது. டோல்மா உப்புத் தேநீர் கொடுத்தார்.

"ஊர்க்காரங்க சலாம் போட்டா அது யூனிஃபார்முக்கு. டீ குடுத்தாதான் அது நமக்கு," என்பார் அப்பா.

புதன்கிழமை குதிரைகள் வந்தன. முதல் பனிக்கு முன்பே கடைசி மூட்டையும் மேலே போய்ச் சேர்ந்தது. வசந்தத்தில் பன்னிரண்டு பேரும் நடந்தே கீழிறங்கினார்கள்.

ஓய்வுக்குப் பின் அப்பா எலெக்ட்ரானிக் சிட்டியில் காவல் மேற்பார்வையாளராக இருந்தார். கடைசி ஐந்து வாரம் மருத்துவமனையில் கழிந்தது. அப்போது முறை வைத்து உடனிருந்த அத்தை பிள்ளைகளுக்கும், சொல்லாமலே சாப்பாடு கொண்டுவந்த எங்கள் தெருக்காரர்களுக்கும், இறுதி நாளில் தோள் கொடுத்த படைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அந்தப் புதன்கிழமை, வரிசையில் முதல் குதிரையை டோல்மாவே சாவடிவரை நடத்திச் சென்றார் என்பது அப்பா சொன்னது. அந்த நாயக்கோ, வந்தவர் டோல்மாவின் தம்பி என்று தொலைபேசியில் சொன்னார். டைரியில் புதன்கிழமைப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. எது சரி என்று இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.