திருத்தினால் கையெழுத்து

எர்ணாவூர் கன்டெய்னர் யார்டு கேட்டில் பதினெட்டு வருஷமாகப் பதிவேடு எழுதுகிறவள் அஜீசுன்னிசா. நாற்பத்தாறு வயதில், பத்தாவது பரீட்சைக்காக ஞாயிறு வகுப்புக்குப் போனாள். ‘ஓட்டம்’ பெயர்ச்சொல் என்று அவள் எழுதியதை வாத்தியார் சிவப்பில் அடித்து, ‘வினைச்சொல்’ என்று திருத்தினார். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. பையிலிருந்த அகராதியை விரித்து, அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் பெயர்ச்சொல்லுக்கான ‘பெ.’ போட்டிருப்பதைக் காட்டினாள்.

“அகராதியிலயும் தப்பு இருக்கும்மா. இந்த வயசுல பாஸானா போதாதா?” என்று சிரித்தார் அவர்.

அகராதியை அவர் மேசைமேல் படாரென்று போட்டாள்.

“இன்னா சார், புக்கே தப்பா? எங்க யார்டு ரிஜிஸ்டர்ல ஒரு எழுத்த அடிச்சா, அடிச்சவன் பக்கத்துல கையெழுத்து போடணும். இதையும் அடிங்க. கையெழுத்து போடுங்க.”

வகுப்பே பார்த்தது. வாத்தியார் பேனாவை மூடினார்.

“அப்ப என் பேப்பர்ல மட்டும் எப்டி சார் அடிச்சீங்கோ?”