கொக்கு இல்லாத கத்தி

போன மாதம் ஒருநாள் மருமகள் நகப்பூச்சை அழித்துக்கொண்டிருந்தாள். பஞ்சில் அவள் ஊற்றிய மருந்தின் வாடை சமையலறை வரைக்கும் வந்தது. மற்றவர்களுக்கு மல்லிகையும் மழைமண்ணும் பழசைக் கிளப்பும். எனக்கு வாய்த்தது இந்த வாடை.

கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை தொடங்குகிற இடத்தில், நானும் மாதேஸ்வரியும் கூட்டாகத் தள்ளுவண்டியில் அன்னாசி விற்றோம். வண்டி என்னுடையது, கைவேலை அவளுடையது. இளம்பிள்ளையில் தறி நெய்துகொண்டிருந்தவள். நூல் பிடித்ததுபோல ஒரே சீராகத் தோல் சீவுவாள். நான் சீவினால் பாதிப் பழம் தோலோடு குப்பைக்குப் போய்விடும். அதனால் மிளகாய்த்தூள் தூவுவது மட்டும் என் இலாகா.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன அவள் தம்பி, முதல் சம்பளத்தில் அக்காவுக்கு ஒரு கத்தி அனுப்பினான். அலகில் பச்சை மையில் ஒரு கொக்கு. அந்தக் கம்பெனியின் முத்திரை. ஏற்காடு போகிறவர்கள் காரை நிறுத்தி, "ஃபாரின் கத்திங்களாக்கா?" என்று அவளைக் கேட்பார்கள். அவளும் துடைத்துத் திருப்பிக் காட்டுவாள். கொஞ்ச நாளிலேயே என் வண்டிக்குக் கொக்குக் கத்திக்காரம்மா கடை என்று பேராகிவிட்டது. ஒருத்தர் என்னிடமே, "ஓனரம்மா வரலீங்களா?" என்று கேட்டார். சிரித்துத்தான் பதில் சொன்னேன். வயிறு எரிந்தது.

அவள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில், என் மகளின் நகப்பூச்சு அழிக்கிற மருந்தில் பஞ்சை நனைத்துக் கத்தியைத் தேய்த்தேன். பச்சை கரைந்தது, கோடு மட்டும் மங்கலாக நின்றது. விடாமல் உப்புத்தாள் போட்டேன். கொக்கு போயிற்று. அலகின் பளபளப்பும் கூடவே போயிற்று.

"மை பழத்துல ஒட்டுச்சு மாதேசு, அதான்" என்று மறுநாள் புளுகினேன்.

அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லதுதானுங்க்கா. சின்னப் புள்ளைங்க திங்கறது. எனக்குத்தான் தெரியாம போச்சு."

அவள் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

இரண்டு வருஷம் கழித்துத் தம்பி லீவில் வந்தான். நேரே வண்டிக்கே வந்தான்.

"நான் அனுப்புன கத்தி எங்கக்கா?"

"இதுதாஞ்சாமி."

"அதுல கொக்கு இருக்குமே. வித்துட்டியா?"

மாதேஸ்வரி என் பக்கம் திரும்பவே இல்லை. "நாந்தாஞ்சாமி தேச்சுட்டேன். மை ஒட்டுச்சு."

"கடை கடையா ஏறி எறங்கி வாங்குனேன். இப்படிப் பாழாக்கிட்டியேக்கா."

நறுக்கி வைத்த பழத்தைத் தொடாமலே போய்விட்டான். நான் மிளகாய்த்தூள் டப்பாவை மூடுவதும் திறப்பதுமாக நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

பிறகு சாலையை அகலப்படுத்தினார்கள், வண்டிகளை அப்புறப்படுத்தினார்கள். அவள் குமாரபாளையத்துக்கு மகள் வீட்டோடு போய்விட்டாள். முதலில் போனில் பேசிக்கொண்டோம். எல்லாம் பேசுவேன், இதைத் தவிர. அப்புறம் அதுவும் நின்றுபோனது.

போன மாதம் அந்த வாடை கிளப்பிவிட்டதில், அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறினேன். மாதேஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், பொறாமை உட்பட. பொறுமையாகக் கேட்டாள்.

"எந்தக் கத்திங்க?" என்றாள்.

டீ கொண்டுவந்த மகள் மெதுவாகச் சொன்னாள்: "அம்மாளுக்குப் பழசெல்லாம் மறந்துபோச்சுங்க பெரிம்மா. மாமன் வந்தாக்கூட யாருன்னு கேக்குது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாதேஸ்வரி, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த யாருக்கோ ஆறுதல் சொல்வதுபோல, என் கையைத் தடவிக்கொடுத்தாள்.

"அழுவாதீங்க சாமி. கத்திதான, போனாப் போவுது."