பகலில் தூங்குகிறவருக்கு ஒரு வீடு

"உங்களுக்கு எந்த மாதிரி வீடு வேணும் ஆன்ட்டி?" என்று பிளான் போட வந்த பெண் கேட்டதும் நானும் என் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களிடம் யாரும் இப்படிக் கேட்டதே இல்லை. முப்பத்தோரு வருஷமாக நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வாசம். சாவியைக் கையில் கொடுப்பார்கள், வாங்கிக்கொண்டு உள்ளே போவோம். ஜன்னல் எங்கே இருக்கிறதோ அங்கே கட்டிலைப் போடுவோம். அதே டைப் வீடு எந்த பிளாக்கில் இருந்தாலும் கண்ணைக் கட்டிவிட்டால்கூட பாத்ரூமைக் கண்டுபிடித்துவிடுவேன். அப்படிப்பட்டவளிடம் வந்து எந்த மாதிரி வீடு வேண்டும் என்றால் என்ன சொல்வது? "நல்ல வீடா" என்றேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்காரருக்கு மைன்ஸில் வேலை. ரிட்டயராக எட்டு மாதம்தான் இருந்தது. அதற்கப்புறம் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். டவுன்ஷிப்புக்கு வெளியே, குறிஞ்சிப்பாடி போகிற சாலையில் எப்போதோ வாங்கிப் போட்ட மனை இருந்தது. மேஸ்திரி ஒருவரைப் பிடித்து நாலு அறை எழுப்பிவிடலாம் என்றுதான் இவர் கணக்குப் போட்டிருந்தார். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள்தான் போனிலேயே ஒற்றைக் காலில் நின்று, கடலூரிலிருந்து இந்த ஆர்க்கிடெக்ட் பெண்ணை அனுப்பி வைத்தாள். வயது முப்பதுக்குள்தான். வந்ததும் வராததுமாக அளவு டேப்பை எடுத்து, என்னை அடுப்படியில் நிற்க வைத்து, தரையிலிருந்து என் முழங்கை எவ்வளவு உயரம் என்று அளந்தாள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கவில்லை.

அவளுக்கு என்னிடம் ஒரே ஒரு குறை. நான் எதைச் சொன்னாலும், "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க ஆன்ட்டி" என்பாள். ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்பதாவது தடவை எனக்கே எரிச்சல் வந்து, "இதுக்கு மேல எனக்கு வால்யூம் இல்லம்மா" என்றேன். அதுவும் அவள் காதில் விழவில்லை.

கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. இவருக்கு ஒரு வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட், ஒரு வாரம் செகண்ட், ஒரு வாரம் நைட். நைட் ஷிப்ட் வாரத்தில் காலையில் வந்து குளித்து, நாலு இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு படுத்தால் மத்தியானம் மூன்று மணி வரை எங்கள் வீட்டில் துடைப்பம்கூடத் தரையில் படாது. சரி, அந்த ஒரு வாரம்தானே என்றால் அதுவும் இல்லை. வீடுகள் ஒட்டி ஒட்டி இருந்தன. எங்கள் வீட்டுக்காரர் விழித்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் எழுந்தால் எதிர்வீட்டுக்காரர் படுப்பார். யாராவது ஒரு மகராசன் எந்நேரமும் தூங்கிக்கொண்டே இருப்பார். எந்த வீட்டு ஆம்பிளை டூட்டிக்குப் போயிருக்கிறாரோ அந்த வீட்டுக்கு மற்ற வீட்டு மிக்ஸிகள் எல்லாம் போகும். முந்தானைக்குள் மிக்ஸியை மறைத்துக்கொண்டு நான் தெருவைத் தாண்டி ஓடிய நாட்கள் எத்தனையோ. குக்கர் விசில் போடுவதற்கு முன்னால் அடுப்பை அணைக்கத் தெரியாதவள் எங்கள் வரிசையில் பெண்பிள்ளையே இல்லை. என் மகள் வாய்ப்பாட்டை உதட்டசைத்தே படித்தாள். கீரைக்காரர் எங்கள் தெருமுனை வந்ததும் கூவுவதை நிறுத்திவிட்டு, கையால் சைகை காட்டி, முளைக்கீரையா அரைக்கீரையா என்று கேட்பார்.

நான் பிறந்தது காடாம்புலியூர் பக்கம். முந்திரித் தோப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சேதி சொல்ல ஆள் அனுப்புகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. என்னைக் கூப்பிடச் சொல்வார்கள், அவ்வளவுதான். அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு முப்பத்தோரு வருஷம் குசுகுசுத்தேன். கோபம் வந்தால்கூடக் கிசுகிசுப்பாகத்தான் திட்ட முடியும். கிசுகிசுப்பாகத் திட்டிப் பாருங்கள், கொஞ்சுகிற மாதிரியே இருக்கும். எத்தனை சண்டையில் இப்படியே தோற்றிருக்கிறேன்!

அதனால் புது வீட்டில் எனக்கு ஒரே ஒரு ஆசை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் சுவர் இருக்கக்கூடாது. ரோட்டுப் பக்கம் இடுப்பு உயரத்தில் பெரிய ஜன்னல் வேண்டும். அடுப்படியில் நின்றபடியே கூடத்தில் இருப்பவர்களோடும் ரோட்டில் போகிறவர்களோடும் வாய் நிறையப் பேச வேண்டும். மார்பிள் வேண்டாம், மாடி வேண்டாம், இது ஒன்று போதும். இதை அந்தப் பெண்ணிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் இவர் குறுக்கே விழுந்தார்.

"தெறந்த கிச்சனா? நல்லா இருக்கும். நைட் டூட்டி முடிச்சிட்டு வந்து படுத்தா தாளிக்கிற சத்தம் காதுக்குள்ளயே கேக்கும்."

வாயை மூடிக்கொண்டேன். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

ஆர்க்கிடெக்ட் பெண் ஒரு வீட்டுப் பாடம் கொடுத்தாள். காலையிலிருந்து ராத்திரி வரை வீட்டில் என்னென்ன நடக்கிறது, எந்த நேரத்தில் யார் எங்கே இருக்கிறோம் என்று இரண்டு பேரும் தனித்தனியாக எழுதித் தர வேண்டுமாம். நான் ஒரு பழைய நோட்டில் நாலு பக்கம் எழுதினேன். இவர் ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் போட்டு, ஃபர்ஸ்ட், செகண்ட், நைட் என்று தலைப்பு எழுதி, தூங்கும் நேரத்துக்கெல்லாம் சிவப்பு மையில் கோடு அடித்துக் கொடுத்தார். லாக் புக் எழுதிப் பழகின கை, அச்சடித்த மாதிரி இருந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்து அசந்துபோனாள்.

"எந்த க்ளையண்ட்டும் இவ்ளோ தெளிவா கொடுத்ததில்ல அங்கிள்" என்றாள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் என்னைப் பார்க்கிற பார்வையே வேறு மாதிரி இருந்தது.

மூன்று வாரம் கழித்து பிளானோடு வந்தாள். சாப்பாட்டு மேஜையில் விரித்தாள். பின்பக்க மூலையில் படுக்கையறை. அதைச் சுற்றி இரட்டைச் சுவர். அதற்கு முன்னால் ஒரு குட்டி நடை, அதற்கு ஒரு கதவு, அப்புறம் இன்னொரு கதவு. பகல் வெளிச்சம் துளி வராத ஜன்னல். காலிங் பெல்லுக்குப் பதிலாகக் கூடத்தில் ஒரு சிவப்பு லைட் எரியும். சமையலறை முன்பக்க மூலையில், நாலு புறமும் சுவர், தானாகவே மூடிக்கொள்ளும் கதவு, ஜன்னல் என் தலைக்கு மேலே.

"இந்த ரூம்ல படுத்தா, வெளிய வேட்டு போட்டாக்கூடக் கேக்காது அங்கிள்."

இவர் பிளானைத் தடவிக்கொடுத்தார். என்னை ஒரு நாளும் அப்படித் தடவிக்கொடுத்ததில்லை. "இதான் வூடு" என்றார். "இத்தினி வருஷம் அரைத் தூக்கம் தூங்கினேன். இனிமேட்டு பாரு."

நான் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் மைன்ஸ் திறந்தவெளிச் சுரங்கம், அதற்குள் இருப்பவர்களுக்குக்கூட மேலே வானம் தெரியும். எனக்குத் தெரியாது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காபி போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அந்தப் பெண் காலண்டரைப் பார்த்து ஏதோ விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், நீங்க எந்த மாசம் ரிட்டயர் ஆறீங்க?"

சொன்னார்.

"வீடு முடிய அதுக்கப்புறம் ரெண்டு மாசம் ஆயிடுமே. குவார்ட்டர்ஸ்ல அது வரைக்கும் இருக்க விடுவாங்களா?"

"அதெல்லாம் விடுவாங்க. லெட்டர் குடுத்தா போதும்."

"அப்போ சரி" என்றவள் சிவப்பு மைக் கட்டங்களை மறுபடி பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். "அப்படின்னா புது வீட்டுல நைட் ஷிப்ட் யாரு போறாங்க?"

கையில் காபித் தட்டோடு நின்றிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அது தோன்றவே இல்லை. மாதக்கணக்கில் அவர் ரிட்டயர்மெண்டுக்கு யார் யாரைக் கூப்பிடுவது, என்ன சாப்பாடு போடுவது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அப்படியும் என் நோட்டில் நானே எழுதியிருக்கிறேன்: "ஒன்பதிலிருந்து மூணு வரை சத்தம் கூடாது." முதலில் துள்ளிக் குதித்திருக்க வேண்டியவள் நான்தான். இரண்டு படித்த முட்டாள்கள் சேர்ந்து, இல்லாத டூட்டிக்குப் போய் வரும் ஒரு ஆளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன், சத்தமில்லாமல்தான். அந்தப் பெண்ணும் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. கட்டம் போட்ட தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய் ஸ்கூட்டரைத் துடைக்க ஆரம்பித்தார். முந்தின நாள்தான் துடைத்திருந்தார்.

இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ பகல் பூரா நான் என்னா பண்றது?"

சுரங்கத்துக்குள் ராட்சஸ மெஷின்களோடு மல்லுக்கட்டிய மனுஷன் இப்படி ஒரு கேள்வி கேட்பார் என்று நான் நினைத்ததில்லை. "எங்கூட பேசிக்கினு இருங்க" என்றேன்.

"என்னாது?"

"எங்கூட பேசிக்கினு இருங்கன்னேன்."

கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டார். பிறகு, "பழகின ஒடம்பு. பகல்லதான் தூக்கம் வரும். அந்த ரூமு இருக்கட்டும், கதவும் இருக்கட்டும்" என்றார். நானும் விட்டுவிட்டேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சமையலறைச் சுவர் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

மார்க்கிங் நாள் வந்தது. மேஸ்திரி முளை அடித்து, நூல் கட்டி, சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். வெறும் மண்ணில் வெள்ளைக் கோடாக எங்கள் வீடு படுத்திருந்தது. ஐயோ, இவ்வளவு சின்னதா என்று எனக்குப் பகீரென்றது. எல்லா வீடும் கோடாக இருக்கும்போது இப்படித்தான் தெரியும், சுவர் எழும்பினால் பெரிதாகிவிடும் என்றார் மேஸ்திரி.

ஆர்க்கிடெக்ட் பெண் கையில் இரண்டு பிளான் வைத்திருந்தாள். ஒன்று கதவு வைத்தது. இன்னொன்றை யாரும் கேட்காமலேயே போட்டிருக்கிறாள், சமையலறைச் சுவர் இல்லாமல். கெட்டிக்காரி. "நாளைக்குத் தோண்டிட்டா மாத்த முடியாது. ஒரு டெஸ்ட் பண்ணலாம்" என்றாள். இவர் படுக்கையறைக் கட்டத்தில் போய் நிற்க வேண்டும். நான் அடுப்படியில் நின்று கூப்பிட வேண்டும். சத்தம் எவ்வளவு தொந்தரவாக இருக்கிறது என்று அவரே சொல்லட்டும்.

இவர் போய் மனையின் கடைசியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டியபடி நின்றார். நான் கூப்பிட்டேன். அவர் அசையவில்லை. மேஸ்திரி, "அக்கா, கூப்டுங்க" என்றார்.

"கூப்ட்டேனே!"

"எனக்கே கேக்கலியே."

"ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண், என் பக்கத்தில் வந்து. "இங்க யாரும் தூங்கல."

சுற்றிலும் பார்த்தேன். ஒரு பக்கம் முந்திரி, ஒரு பக்கம் காலி மனை, முன்னால் ரோடு. ஒட்டிக்கொண்டிருக்கும் சுவர் எதுவும் இல்லை. நைட் முடித்துவிட்டு வந்து படுத்திருக்கும் ஆளும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் காலை ஊன்றி, மூச்சை இழுத்துப் பிடித்து, "என்னாங்கோ!" என்று கூப்பிட்டேன்.

முந்திரி மரத்திலிருந்து காகங்கள் கிளம்பின. ரோட்டில் பைக்கில் போனவர் பிரேக் போட்டுத் திரும்பிப் பார்த்தார். மேஸ்திரி கையிலிருந்த சுண்ணாம்பு மொத்தமாகக் காலில் கொட்டியது. இவர், இரட்டைச் சுவர், நடை, இரண்டு கதவு எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு ஓடி வந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"யாரு? யாரு கத்தினது? என்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. நாந்தான் கூப்ட்டேன்."

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கூட்டத்தில் யாரையோ அடையாளம் தேடுகிற மாதிரி இருந்தது.

"நீயா?"

"நாந்தான்."

"ஒனக்கு இப்படி ஒரு கொரல் இருக்கா?"

அவருக்கு மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பிறகு குனிந்து, எனக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுண்ணாம்புக் கோட்டைக் கையாலேயே அழிக்க ஆரம்பித்தார். அழித்து முடித்துக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மறுபடியும் மனையின் கடைசிக்கு நடந்தார். இந்தத் தடவை முதுகைக் காட்டவில்லை. என்னைப் பார்த்து நின்றுகொண்டு சொன்னார்:

"இன்னொரு தரம் கூப்டு."