மஞ்சள் தடவிய நன்கொடைக் கடிதம்

சன்னாசி அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று எங்கள் வேன் டிரைவர் பாண்டி போனில் சொன்னபோது, நான் நன்கொடைக் கடிதங்களுக்குத் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தேன். அழுதேன், ஆனால் ஒட்டுவதை நிறுத்தவில்லை. வேலையைப் பாதியில் விட்டால் அவர் திட்டுவாரே என்ற பயம் இன்னும் போகவில்லை.

பழனிசெட்டிபட்டியில், நடக்க முடியாத பிள்ளைகளுக்கான எங்கள் பள்ளிக்கு அவர் செயலாளர், நான் ஆசிரியை. நன்கொடை கேட்பதென்றால் தபாலில்தான் என்பது அவருடைய பிடிவாதம். "வாட்ஸ்அப்புல அனுப்புனா விரலால தள்ளிவிட்டுப் போயிருவாக. தபால்னா கையில வாங்கித்தான ஆகணும்" என்பார். வாங்கியவர்கள் பிரித்துக்கூடப் பார்க்காமல் குப்பையில் போட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஒரு வருடம் வேனின் எஞ்சின் படுத்துவிட்டது. மாற்றாவிட்டால் சின்னமனூர், தேவதானப்பட்டிப் பிள்ளைகள் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். அண்ணன் யோசித்தார். நன்கொடை கேட்கும் கடிதத்துக்கும் கவருக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார். "மஞ்சள் வச்ச கவரை எவனும் குப்பையில போடமாட்டான் டீச்சர்." கடிதத்தில் தேதியைப் பெரிதாகப் போட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் உதவும்படி கேட்டிருந்தோம். அன்றைக்கு நல்ல முகூர்த்தம் என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை பட்டுச்சேலையும் பழத்தட்டுமாகப் பள்ளி வாசலில் கூட்டம். சின்னமனூரில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் பேச்சியம்மாள் கேட்டார்: "பொண்ணு மாப்பிள்ளை எங்கன இருக்காக?"

நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அண்ணனோ அசரவில்லை. உள்ளே போய்ப் பிள்ளைகளைச் சக்கர நாற்காலிகளில் தள்ளிக்கொண்டு வந்தார். "இவுகளுக்குத்தான் விசேசம், ஆத்தா. லெட்டரைப் படிக்கலையா?"

"மஞ்சளைப் பாத்தோம், தேதியைப் பாத்தோம், கிளம்பி வந்துட்டோம்!"

பிறகு ஒருவர் நின்றபடியே கடிதத்தை உரக்கப் படித்தார். சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆனது. பாண்டி ஓடிப்போய்க் கேசரி வாங்கிவந்தான். கொண்டுவந்த மொய்க் கவர்களை யாரும் திருப்பி எடுத்துப்போகவில்லை. வேனுக்குப் புது எஞ்சின் வந்தது.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அண்ணன் விடவில்லை. "மொய் வாங்கியிருக்கோம். திருப்பிச் செய்ய வேணாமா?"

"அது நன்கொடைண்ணே."

"குடுத்தவுக மொய்னுதான கொண்டாந்தாக!"

அதன்பின் அந்த வீடுகளில் காதுகுத்தானாலும் கல்யாணமானாலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் நின்றார். மொய் அவருடைய பென்ஷனிலிருந்து. எழுதியது பள்ளியின் பெயரில். வீட்டையும் பள்ளியையும் தாண்டாத பிள்ளைகள் பந்தியில் அதட்டிப் பாயசம் கேட்கப் பழகினார்கள். அதைப் பார்த்து அவருக்கு வந்த பூரிப்பு இருக்கிறதே, எந்த நன்கொடைக்கும் வந்ததில்லை.

போன வாரம் பேச்சியம்மாள் அழைத்தார். "பேத்திக்குக் கல்யாணம். அண்ணன் இல்லைன்னு வராம இருந்துறாதீக டீச்சர். மொதப் பந்தி நம்ம பிள்ளைகளுக்குத்தான்."

நம்ம பிள்ளைகள் என்றார். அண்ணன் எனக்கென விட்டுப்போனது அதுதான்: கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கச் சொந்தக்காரர்கள். முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் வீட்டில் சமைப்பதில்லை.